பொறுக்கி வண்டி டிரைவர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சைக்கிள் பந்தயத்தில், ஐந்து கிலோமீட்டர் தூரம் ஒரு பால்காரருக்குப் பின்னால் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை சின்ன வேலை. பந்தயத்தில் எல்லாருக்கும் கடைசியாக வருகிறவர் யாரோ, அவருக்குப் பின்னால் வேனில் மெதுவாகப் போக வேண்டும். முடியாமல் நிற்கிறவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூரில் கொடி அசைத்தார்கள். அய்யம்பேட்டை தாண்டியதும் எனக்கு முன்னால் ஒருவர் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தார். முதுகில் நம்பர் இல்லை. கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். கேரியரில் இரண்டு பக்கமும் கேன் தொங்கியது. தண்ணீர் கொண்டுபோகிறார், விவரமான ஆள் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "விடாதீங்க, மிதிங்க, மிதிங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார், முகம் வெளுத்தது, இன்னும் வேகமாக மிதித்தார். சபாஷ் என்றேன். ஒரு சந்தில் திரும்பினார். நானும் திரும்பினேன். மாட்டுக் கொட்டகை வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, கொடி கட்டிய என் வேனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், இன்னைக்கு ஒரு நாளுதான் சார். மாடு கொறச்சலாக் கறந்துருச்சு. அதான் ரெண்டு சொம்பு ஊத்துனேன்."

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். வேறென்ன செய்வது? பந்தயத்தின் உண்மையான கடைசி ஆள், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பாபநாசத்தில் ஒரு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சைக்கிளை பஸ் மேலே ஏற்றி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

இப்போது எங்கள் சைக்கிள் பந்தயச் சங்கத்தில் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், ஓட்டுகிற ஒவ்வொருவர் சைக்கிளிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை ஒட்டிவிடுகிறார்கள். யார் எங்கே போகிறார்கள் என்று செல்போனில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அவர்கள்தான் சங்க மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "அண்ணே, அப்பல்லாம் கடைசி ஆளு யாருன்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றார் செயலாளர். "கண்டுபிடிக்கல தம்பி" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

என் வேலைக்கு ஒரு மரியாதையான பெயர் கடைசி வரை அமையவில்லை. விட்டுப்போனவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருகிற வண்டி என்பதால் ஜனங்கள் அதற்குப் பொறுக்கி வண்டி என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்ள என்ன பண்றாரு?" என்று கேட்டதற்கு என் சித்தப்பா, "பொறுக்கி வண்டி ஓட்டுறாரு" என்று பெருமையாகச் சொல்லி, காபி வருவதற்கு முன்னாலேயே எல்லாரும் எழுந்து வர வேண்டியதாயிற்று. சங்கத்தில் யோசித்து, 'துப்புரவு வண்டி' என்று பேனர் கட்டினார்கள். கும்பகோணத்தில் ஒரு அம்மா குப்பைக் கூடையோடு ஓடி வந்து, "ஒரு வாரமா வரலையே, எங்க போயிருந்தீங்க?" என்று சண்டை பிடித்தார். அதை அவிழ்த்துவிட்டு 'கடைசி வண்டி' என்று எழுதினார்கள். வெள்ளை வேன், பக்கத்தில் கடைசி வண்டி என்று எழுத்து. எதிரே வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முடியாமல் விழுந்து கிடந்தவர்கள்கூட அதில் ஏற மறுத்து எழுந்து மிதித்தார்கள். ஒரு வருஷம் கழித்து எழுத்தை அழித்து, வெறும் சிவப்புக் கொடியோடு விட்டுவிட்டார்கள்.

வண்டிக்கு வந்த வழியைச் சொல்கிறேன். அப்பா கீழ்வேளூர் பக்கம் குத்தகைக்கு நெல் பயிரிட்டவர். நான் பத்தாவதில் இரண்டு முறை தேறவில்லை. ரைஸ் மில் லாரியில் கிளீனர், பிறகு டிராக்டர், பிறகு லைசென்ஸ். சங்கத்து வேனுக்கு ஆள் கேட்டார்கள். மற்ற நாளில் சாமான் ஏற்ற வாடகைக்கு ஓட்டலாம், பந்தய நாளில் பந்தயத்துக்கு வர வேண்டும் என்றார்கள். படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

பால்காரர் விஷயத்துக்குப் பிறகு என்னை நீக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் பக்கத்து சீட்டில் லில்லி டீச்சரை உட்காரவைத்தார்கள். நீக்கியிருந்தாலே நிம்மதியாக இருந்திருக்கும்.

லில்லி டீச்சர் தரங்கம்பாடிக்காரர். லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தயத்தின் தலைமை நடுவர் அவர்தான். தலைமை நடுவர் முன்னால் போகும் ஜீப்பில் மாலை போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். டீச்சர் மாட்டேன் என்றார். "அந்த மைக் செட்டுச் சத்தத்துல நூறு கிலோமீட்டர் உக்காந்தா எனக்குக் காது போயிரும். நான் பின்னாடி வர்றேன்." பருத்திச் சேலை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஆம்பளைக் குடை, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு ஒன்று, நீல மையில் ஒரு பேனா, சிவப்பு மையில் ஒரு பேனா. புறப்படும் முன் அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். நான் கியரில் கை வைத்தபடி காத்திருப்பேன். ஆமென் சத்தமாக வராது. "ம்" என்பார். எடுக்கலாம் என்று அர்த்தம்.

குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தினால் பரவாயில்லையே என்று இருக்கும். ஒருமுறை ஒரு கடைசி ஆள் ஆமை மாதிரி போனார். பொறுக்க முடியாமல் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினேன். டீச்சர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அரை கிலோமீட்டர் தூரம் அந்தச் சைக்கிள்காரருக்குப் பின்னால் டீச்சர், டீச்சருக்குப் பின்னால் நான். கும்பகோணம் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திரும்ப ஏறி உட்கார்ந்து, குடையை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு நான் பந்தய நாளில் ஹாரன் அடித்ததே இல்லை.

வேலைமுறையை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, என்மேல் சுமத்தினார் என்று சொல்லலாம். கடைசி ஆளுக்கு முப்பதடி பின்னால் போக வேண்டும். முதுகில் நம்பர் இருக்கிறவரைக்கும் எங்கள் வண்டியிலிருந்து அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. ஊர்க்காரர்கள் கொடுக்கலாம், நாங்கள் கொடுக்கக் கூடாது. போதும் என்று ஒருவர் நின்றால் டீச்சர் இறங்கிப் போய், துணி நம்பரின் நாலு ஊக்கையும் தானே கழற்றி, ஊக்குகளைத் தன் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு, ஒரே கேள்வி கேட்பார். "முடியலையா? வேணாமா?" இரண்டில் எதைச் சொன்னாலும் சிவப்பு மையில் எழுதிக்கொள்வார். அதன் பிறகுதான் மோர். நம்பர் வாங்காமல் ஒருவரை எங்கள் வண்டி தாண்டவே கூடாது. ரோடு மறைந்திருக்கிற இடத்தில், அதாவது ஊர்வலமோ, ஆட்டு மந்தையோ, அறுப்பு முடிந்த வயலுக்கு ஓட்டிப் போகிற வாத்துக் கூட்டமோ, எதுவானாலும் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கி, அந்தப் பக்கம் வரை நடந்து, இரண்டு ஓரமும் பார்த்துவிட்டுக் கை காட்டிய பிறகுதான் வண்டி நகரலாம்.

மெதுவாகப் போவது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் இரண்டாவது கியரில் நாலு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளட்சில் இருக்கும் கால் தானாக ஆட ஆரம்பிக்கும். இறங்கினாலும் ஆடும். சிறுநீர் கழிக்க நிறுத்த முடியாது, கடைசி ஆள் நிற்க மாட்டாரே. அவர் நின்றால் நாங்களும் நின்று, அவர் ஒரு புளியமரம், நான் ஒரு புளியமரம், டீச்சர் எதிர்ப்பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாபநாசம் ரயில்வே கேட் மூடியிருந்தால் முன்னால் போனவர்கள் போய்விடுவார்கள், நாங்கள் இந்தப் பக்கம். கேட் திறக்கிறவரை நான் சீட்டில் உட்கார மாட்டேன். இறங்குவேன், ஏறுவேன், டயரை உதைப்பேன். "தனபால், உங்களுக்கு உள்ள ஏதாவது எறும்பு ஊறுதா?" என்பார் டீச்சர். மேஜை போட்டு நம்பர் குறிக்கிற ஒவ்வொரு ஊரிலும் எஸ்டிடி பூத்துக்கு ஓடி, முடிவு இடத்துக்கு போன் போட்டுக் கணக்குச் சொல்ல வேண்டும். பூத்தில் எப்போதும் யாராவது துபாய்க்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். "ஒரு நிமிஷம் சார், அவரு இப்பதான் லைன்ல வந்தாரு" என்று ஒரு பெண் ஒரு விரலைக் காட்டுவார். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போதும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. முன்னால் யாராவது மெதுவாக நடந்தால் அவர்களைத் தாண்டிப் போகவும் கால் வரவில்லை. கோயில் பிரகாரத்தில் என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏங்க அந்தம்மா பின்னாடியே போறீங்க? அவங்க வூட்டுக்காரரு பாக்குறாரு" என்கிறார்.

ஆரம்பத்தில் எல்லாரும் கறுப்புச் சைக்கிளில், மட்கார்டைக் கழற்றிவிட்டு வருவார்கள். பேப்பர் போடுகிறவர்கள், மில்லில் வேலை செய்கிறவர்கள், நெல்லு வயலில் இருந்து நேராக வந்தவர்கள். பிறகு கியர் சைக்கிள் வந்தது. கூல்டிரிங்க் கம்பெனிக்காரர்கள் தொப்பியும் பனியனும் கொடுத்தார்கள். மோர்ப் பானை போய் ஆரஞ்சு நிறத் தண்ணீர் வந்தது. எல்லாம் பளபளப்பாக ஆக ஆக, ஆட்கள் குறைந்தார்கள். டீச்சர் பெயர் வாசிப்பார். "திருப்பனந்தாள் முருகையன்?" கூட்டத்திலிருந்து யாராவது, "சிங்கப்பூர் போயிட்டாரு டீச்சர்" என்பார்கள். "அம்மாபேட்டை லாரன்ஸ்?" "மஸ்கட்டு." சில வருஷங்களில் அது பந்தயத்துக்குப் பெயர் வாசிப்பதாகவே இருக்காது, விமான நிலையத்தில் வாசிப்பதுபோல இருக்கும். ஒரு தடவை நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவரை பாபநாசத்தில் அவர் மச்சான் மொபெட்டில் துரத்தி வந்து பிடித்து, காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பி எங்களிடம் வந்தார். டீச்சர் ஊக்கைக் கழற்றினார். "முடியலையா? வேணாமா?"

"விசா வந்துருச்சு டீச்சர்."

டீச்சர் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடி எடுத்தார். பிறகு சிவப்பு மையில் 'விசா' என்று எழுதினார்.

இனி குமரவேல் விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் டயரை உதைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், குடவாசல், திருவாரூர், கீழ்வேளூர் வழியாக நாகப்பட்டினம் வரை. பங்குனி வெயில். முதல் எட்டுப் பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். அங்கே ஓர் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். காலையில் வேன் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஏழாம் நம்பர்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். குமரவேல், திருப்பனந்தாள் பக்கம்.

"என்ன தம்பி, டீ எறங்க மாட்டேங்குது? ரொம்ப சூடா?"

"இல்லண்ணே. எனக்கு இதான் கடைசி வருஷம். இதோட வயசு தாண்டுது. எட்டுக்குள்ள வரலைன்னா வைகாசியில குவைத்து. மாமா பேப்பரெல்லாம் அனுப்பிட்டாரு."

"குவைத்து நல்ல ஊருதானே?"

"கல்யாணமாகி நாலு மாசம்ண்ணே."

"அப்ப எட்டுக்குள்ள வர வேண்டியதுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் ஊற்றிவிட்டுப் போனார்.

குடவாசல் மேஜையில் குறித்தபோது பந்தயத்தில் பதினோரு பேர்தான் மிச்சம். மற்றவர்கள் வெயிலுக்கு உதிர்ந்துவிட்டார்கள். குமரவேல் நாலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வண்டி மேல் சைக்கிள்கள், உள்ளே மூன்று பேர். அதில் ஒருவர் வாந்தி எடுத்தார். டீச்சர் பின் சீட்டுக்குப் போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆக, என் பக்கத்தில் அவர் இல்லை.

குடவாசல் தாண்டி நாலைந்து கிலோமீட்டரில் ரோட்டில் உளுந்து போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நெல் அறுப்புக்குப் பின் வயலில் உளுந்து விளையும். அதைச் செடியோடு பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறிப் போனால் காய் வெடித்து உளுந்து உதிரும். ஓரமாக ஒதுங்கிப் போகிற டிரைவரை எங்கள் ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். நானே சின்ன வயதில் ரோட்டோரம் நின்று அப்படிப்பட்ட டிரைவர்களைத் திட்டியிருக்கிறேன்.

அந்த இடத்தில் ஐம்பதடி நீளத்துக்கு முழங்கால் உயரம் செடி. ஓரத்தில் இன்னொரு பெரிய குவியல், மாடி உயரம் இருக்கும். நாலைந்து பெண்கள் முறத்தோடு நின்றார்கள். ரோடு மறைந்திருக்கிறது. நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்து பார்க்க வேண்டும். நிறுத்தத்தான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

"அண்ணே! ஓரமாப் போயிராதீங்கண்ணே! நடுவுல ஏத்துங்க!"

"காலையிலேர்ந்து சைக்கிளா வருதுண்ணே, ஒரு பைசா பிரயோசனம் இல்ல" என்றார் இன்னொருவர். "ஓரமா ஓரமாப் போவுதுங்க. அதுல ஒண்ணு விழுந்து வேற வெச்சிருச்சு."

இந்தக் கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. ஆனால் அதற்குள் மூன்றாவது பெண், "வுடுடி, அவரு தொர. வண்டி அழுக்காயிரும்னு பாக்குறாரு" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொரையாவது? குத்தகைக்காரன் மகன் நான். நடுவில் ஏற்றினேன். சடசடவென்று காய் வெடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஒரு போதை இருக்கிறது. "அண்ணே, அப்படியே ஒரு ரிவர்ஸு!" என்றார்கள். ரிவர்ஸ் எடுத்தேன். மறுபடி முன்னால். மறுபடி பின்னால்.

"என்ன தனபால், ரிவர்ஸு?" என்றார் டீச்சர், வாந்திக்காரர் தலையைப் பிடித்தபடி.

"ரோடு சரியில்ல டீச்சர்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, கை ஆட்டியவர்களுக்கெல்லாம் பதிலுக்குக் கை ஆட்டிவிட்டு, திருவிழாவில் தேர் இழுத்த ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். முன்னால் தூரத்தில் முப்பத்தொன்றாம் நம்பர் தெரிந்தார். அவர்தான் கடைசி என்று அவர் பின்னால் சேர்ந்துகொண்டேன்.

அரை கிலோமீட்டர் போவதற்குள் கருகல் வாடை. உளுந்துக்கொடி வண்டிக்கு அடியில் சுழலும் ஷாஃப்டில் சுற்றி, சைலன்சரில் பட்டுப் புகைந்தது. நிறுத்தினேன். டீச்சர் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கினார். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சுடச்சுடக் கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் தலைக்கு ஒரு முழ தூரத்தில், பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மெல்லிய டயர். செயினில் உளுந்துக்கொடி தொங்கியது. ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ், முட்டியிலிருந்து கணுக்கால் வரை ரத்தம். ஒரு நொடி. போய்விட்டது. நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். முதுகில் ஏழு.

விழுந்தது அவர்தான். குவியலுக்குப் பின்னால் கிடந்திருக்கிறார். நான் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன், இரண்டு தடவை ரிவர்ஸ் எடுத்து, நன்றாகவே தாண்டியிருக்கிறேன். பொறுக்கி வண்டிக்குப் பின்னால் இருக்கிறவர் பந்தயத்தில் இல்லை என்பது சைக்கிள் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். வண்டி தாண்டிய பிறகு ரோடு பஸ்ஸுக்கும் லாரிக்கும் திறந்துவிடும். யாராவது லாரியைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் கேட்பாரில்லை. அதற்குத்தான் அந்தச் சட்டம்.

டீச்சர் தண்ணீரோடு வந்தார். "யாராவது போனாங்களா? மணிச் சத்தம் கேட்டுச்சே."

"ஊர்க்காரரு டீச்சர்" என்றேன்.

அங்கிருந்து நாகப்பட்டினம் வரை நான் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. முப்பத்தொன்றாம் நம்பரையும் குமரவேல் தாண்டிப் போய்விட்டார். முப்பத்தொன்றாமவர் உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டீயரிங்கை விரலால் தட்டினேன். திருவாரூர் மேஜைக்கு முன்னால் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். "ஏழு எத்தனையாவதுப்பா?" "பத்து. சட்டையெல்லாம் மண்ணு, ரத்தம். நிக்கச் சொன்னா நிக்கல." அவர் எட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. வராவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், நான் தப்பித்தேன். வைகாசியில் அவர் குவைத்து. இன்னொரு மனம் அவருக்காக என் காலால் மிதித்தது. கீழ்வேளூரில், "ஏழு ஒன்பதாவது" என்றார்கள். "தனபால், ஏன் ஒரே நம்பரையே கேக்குறீங்க?" என்றார் டீச்சர். "அந்தத் தம்பிக்கு நாலு மாசம் டீச்சர்" என்றேன். 'கல்யாணமாகி' என்பதை வாய் விழுங்கிவிட்டதால் அவர் அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டது பார்வையிலேயே தெரிந்தது. திருத்த எனக்கு நேரமில்லை.

நாகப்பட்டினத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. குமரவேல் எட்டாவது. கொடிக்கு நூறடி முன்னால் ஒருவரைத் தாண்டியிருக்கிறார். ஒன்பதாவதாக வந்த பத்தொன்பது வயதுப் பையனின் மாமா, பந்தயம் முழுக்க மொபெட்டில் பின்தொடர்ந்தவர், டீச்சரை மறித்தார்.

"அவன் எட்டு இல்லீங்க. அவன் ஆட்டத்துலயே இல்ல. உளுந்துக் குவியலுக்குப் பின்னாடி கெடந்தான். பொறுக்கி வண்டி அவனத் தாண்டிப் போச்சு. மொபெட்ட நிறுத்தித் திரும்பி ரெண்டு கண்ணால பாத்தேன்."

"பாத்துட்டுத் தூக்கிவுடாமயா வந்தீங்க?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எம் மருமவன் போட்டியில இருக்கான்யா!"

குமரவேல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. டீச்சர் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"தனபால், நம்ம வண்டி இவரத் தாண்டுச்சா?"

வழக்கம்போல வாய் முந்தியது. "டீச்சர், நான் அடியில மல்லாந்து கெடந்தேன். மல்லாந்து கெடக்குறவனுக்கு எது முன்ன, எது பின்ன?"

கூட்டம் சிரித்தது. அந்த மாமாகூடச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. பேனா அப்படியே நின்றது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அடங்கிய பிறகும் காத்திருந்தார். அந்த அமைதியில் என் இடது கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

"தாண்டுச்சு டீச்சர்" என்றேன். "எறங்கிப் பாக்கல. பொம்பளைங்க உளுந்துல ஏத்தச் சொன்னாங்க, ஏத்துனேன். ரோடு சரியில்லன்னு உங்ககிட்ட சொன்னது பொய்யி. ஊர்க்காரருன்னு சொன்னதும் பொய்யி. அவருதான் போனாரு."

"பாத்தீங்களா!" என்று மாமா குதித்தார்.

டீச்சர் பதிவேட்டின் பின் அட்டையில் ஒட்டியிருந்த டைப் அடித்த தாளில் விரலை ஓட்டினார். "தாண்டுறதுக்கு முன்னாடி இவரு நம்பர வாங்குனீங்களா?"

"இல்ல."

"கேட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"நம்பர வாங்காம நம்ம வண்டி யாரையும் தாண்ட முடியாது. அப்படித் தாண்டுனா அது தாண்டுனது இல்ல. வண்டி வேலைய விட்டுட்டு ஓடிப் போயிருச்சுன்னு அர்த்தம்." பிறகு அந்த ஒன்பதாவது பையனைக் கூப்பிட்டார். "தம்பி, இவரு உங்களத் தாண்டுனப்ப எதையாவது பிடிச்சுக்கிட்டு வந்தாரா?"

பையன் மாமாவைப் பார்த்தான். பிறகு குமரவேலின் முட்டியைப் பார்த்தான். "மிதிச்சுதான் வந்தாரு டீச்சர். ஒத்த ஷூவோட."

நீல மையில் எட்டாவது இடத்துக்கு நேராக ஏழு என்று எழுதினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். பந்தயத்திலிருந்து விலகியவர்கள் பட்டியலின் கடைசியில் 'தனபால், டிரைவர்' என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எறங்கிப் பாக்க முடியலையா? வேணாமா?"

"உளுந்து டீச்சர்" என்றேன்.

அதையே எழுதினார். இரண்டு பந்தயங்களுக்கு என்னை வண்டியில் ஏற்றவில்லை.

குமரவேல் மாநிலப் போட்டியில் ஓர் இடம் பிடித்தார், வேலையும் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பையன் அடுத்த வருஷம் மூன்றாவதாக வந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் நான் இந்தக் கதையைச் சொல்லித் திரிய ஆரம்பித்தேன். டீக்கடை, கல்யாண வீடு, லாரி ஷெட், எங்கேயும் நிற்காமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வளர்ந்தது. ஒரு ஏழைப் பிள்ளையின் வாழ்க்கைக்காகத் தன் வேலையையே பணயம் வைத்து உண்மை பேசிய டிரைவர் ஒருவர் அதில் உருவாகிவிட்டார். உளுந்து மெல்ல மெல்லக் கதையிலிருந்து உதிர்ந்துபோனது. ரிவர்ஸ் எடுத்ததை நானே மறந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து அப்பாவின் வீட்டு மனைக்குப் பட்டா நகல் வாங்க ஒரு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். அந்த மேஜையில் கண்ணாடி போட்டுக்கொண்டு குமரவேல் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அடியில் இரண்டு காலிலும் ஷூ இருந்ததை முதலில் பார்த்தேன். அடையாளம் சொன்னேன். எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். என் பேப்பரை வரிசைப்படி எடுத்து, பார்த்து, முத்திரை வைத்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன். இரண்டு பெண் குழந்தைகள் என்றார். நான் இன்னும் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தேன். கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் மட்டும் உண்மையச் சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் தம்பி, நெனச்சுப் பாத்தீங்களா?"

அவர் பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க தாண்டலைன்னு பொய் சொல்லியிருந்தாலும் நான் எட்டாவதுதாண்ணே. நான் மிதிச்சு வந்தேன். அந்தக் குவியலுக்குப் பக்கத்துல எந்திரிக்க முடியாம உக்காந்துக்கிட்டு, அண்ணே அண்ணேன்னு கத்தி உங்களப் பாத்து ரெண்டு கையையும் ஆட்டுனேன். நீங்க சிரிச்சுக்கிட்டே பதிலுக்குக் கைய ஆட்டிட்டுப் போனீங்க. எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான்."